தண்ணீர் முறை

திங்கள் காலை தொடங்கி புதன் வரை கெசியாவுக்கு.
வியாழன், வெள்ளி எனக்கு.
சனி இரவு மட்டும் ஹுல்டாவுக்கு, அவள் தோட்டம் சின்னது.
வாய்க்கால் காவலர் பென்சிலில் எழுதி
மாவு டப்பா மூடியில் ஒட்டிவிட்டுப் போனார்.
அல்ஃபியஸ் தண்ணீரைப் பின்தொடர்ந்து வந்தார்.
எந்த வீட்டு மடையில் அது விழுகிறதோ
அந்த வீட்டு அடுப்போரம் அவர் பூட்ஸ் காயும்.

ஊரில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.
நானும் சிரித்திருக்கிறேன்.

கெசியாவை முதன்முதலில் பார்த்தது சால்ட் லேக்கில்.
கோபன்ஹேகனில் கப்பலேறிப் பதினோரு மாதம் ஆகியிருந்தது எனக்கு.
வெள்ளை உடுத்தி மூவரும் மண்டியிட்டோம்.
என் வலது கையை எடுத்து
அவர் கையில் வைக்க வேண்டியவள் முதல் மனைவி.
சம்மதமா என்றார்கள்.
சில்லறையை இரண்டு தரம் எண்ணியபின்
சரி என்பவளைப் போல
சம்மதம் என்றாள்.
அவள் விரல்களில் வினிகர் வாசனை.
முந்தின நாள் வெள்ளரிக்காய் ஊறப்போட்டிருக்கிறாள்.

வானத்தில் எங்கள் எல்லோருக்கும் வீடு உண்டு என்றார்கள்.
நம்பினேன். இன்றும் பாதிக்கு மேல் நம்புகிறேன்.
பூமியில், அந்த முதல் பனிக்காலம் முழுதும்
இருந்தது ஒரே அடுப்பு.
யார் கெட்டில் முன்னால் என்பதில்
ஒன்பது நாள் நாங்கள் பேசவில்லை.

எண்பத்தேழில் மார்ஷல்கள் வந்தார்கள்.
சாட்சிக் கூண்டில் வாய் பேசாவிட்டாலும்
எட்டு மாத வயிறு பேசிவிடும் என்று
இரவோடு இரவாக என்னை மலைக்கு அப்பால் கொண்டுபோனார்கள்,
வண்டியில், வைக்கோலுக்கு அடியில்.
ஓட்டியவள் கெசியா.
பள்ளம் வரும்போதெல்லாம்
“பள்ளம்” என்று மட்டும் சொன்னாள்.

நீஃபையில் நான் திருமதி லார்சன், விதவை.
இங்கிரிட் பேச ஆரம்பித்ததும்
நான் சொல்லிக்கொடுத்த முதல் வாக்கியம்
“அப்பா பேர் தெரியாது.”
ஒருநாள் மாவு ஆலை வாசலில் அவர்,
சிறையில் ஆறு மாதம் இருந்து மீண்டவர்,
தாடி இல்லாமல், முன்பின் தெரியாத இரண்டு பேரோடு.
தொப்பியைத் தொட்டுக் குனிந்து
“யார் வீட்டுக் குழந்தை நீ?” என்றார்.
தெரியாது என்றாள்.
நன்றாகச் சொன்னாள்.
சர்க்கரைக் கட்டி ஒன்று கொடுத்தேன்.

ஊர் திரும்பிய அதே வருடம், அக்டோபரில்,
சபையில் ஒரு காகிதம் படித்தார்கள்.
நாட்டின் சட்டத்துக்குப் பணிகிறோம்.
இனி இப்படி மணமில்லை.
ஏற்கிறவர்கள் கை தூக்குங்கள்.
தூக்கினேன்.
தூக்கிய பிறகுதான் யோசித்தேன்:
இனி இல்லை, சரி. ஏற்கெனவே ஆனவர்கள்?
காகிதத்தில் எங்களுக்கு ஒரு வரி இல்லை.
ஹுல்டாவின் கை மடியிலேயே இருந்தது.
மறுவாரம் ரயிலேறி ஆக்டன் போய்விட்டாள்,
சுவர்க் கடிகாரத்தைச் சால்வையில் சுற்றிக்கொண்டு.
அது அவளுடையதுதான் என்பதில்
எனக்கு இன்னும் சந்தேகம்.

வெள்ளி இரவு. என் முறை.
அந்தப் பருவத்தின் கடைசித் தண்ணீர்.
பத்து மணி வரை பார்த்தேன், அவர் வரவில்லை.
கெசியா வீட்டு ஜன்னலில்
உட்கார்ந்த நிழல் ஒன்று அசையவே இல்லை.
பிறகு ஒரு லாந்தர் வேலி தாண்டி வந்தது.
மண்வெட்டியோடு, அவருடைய பூட்ஸ் மாட்டிக்கொண்டு,
கெசியா.
“தண்ணீருக்கு யாரும் காகிதம் படித்துக் காட்டவில்லை”
என்று மடையைத் திறந்தாள்.

கணுக்கால் மரத்துப்போகும் குளிர்.
அவள் அந்தக் கரை, நான் இந்தக் கரை.
சத்தம் கேட்டு எழுந்துவந்த இங்கிரிட்
வேலியோரம் இரவுச் சட்டையோடு நின்று கேட்டாள்:
“அம்மா, இவள் எனக்கு என்ன முறை?”

டேனிஷில் தேடினேன். கிடைக்கவில்லை.
ஆங்கிலம் கெசியாவின் மொழி,
அவளைப் பார்த்தேன்.
மண்வெட்டியை ஊன்றிக் கொஞ்ச நேரம் நின்றாள்.

“குதிரைமசாலுக்கு அந்த மூலை
இன்னும் நனையவில்லை” என்றாள்.